தமிழ்த் தூதர் பேராசிரியர் தனிநாயகம் அடிகளார்

இந்த மடலில் நாயன்மார்களைப் பற்றியும் சித்தர்களைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். நாவலர் பெருமானையும் விபுலானந்த அடிகளையும் எமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இம்முறை ஒரு கத்தோலிக்கக் குருவானவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், கோயில் மடலில் அவருக்கு என்ன இடம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இறைவன் தம்மை நன்றாகப் படைத்தது அவனைத் தமிழில் நன்றாகப் பாடுவதற்கே என்று திருமூல நாயனார் சொன்னாரல்லவா, அந்த வாக்கைத் தமது வாழ்வின் குறிக்கோளாக வரித்துக்கொண்டவர் இந்தக் குருவானவர். தேவாரமும் திருவாசகமும் திருக்குறளும் எந்த மொழியில் எழுந்தனவோ அந்த மொழிக்கு உலகப் பல்கலைக்கழகங்களில் கதிரை போட்டு வைத்தவர். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் அவரை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒடாஹுஹுவிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் எமது குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம், பிறகு பள்ளிக்கூடப் பாடம், நீச்சல், கிரிக்கெட் என்று விட்டுப்போயிற்று, இப்போது பிள்ளைக்குப் பதினாறு வயது, இனி எங்கே படிக்கப் போகிறது என்பதே அந்தப் பேச்சு. அடிகளாரின் வரலாற்றை ஒருமுறை வாசித்தவர்கள் இப்படிச் சொல்லத் தயங்குவார்கள். ஏனென்றால் அவர் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியது பள்ளிக்கூடத்தில் அல்ல. இருபத்தேழு வயதுக்கு மேல், உரோமாபுரியில் கலாநிதிப் பட்டம் வாங்கிய பிறகு.

அவர் பிறந்தது 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் திகதி, ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பன் என்ற ஊரில். பெற்றோர் இட்ட பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தனிநாயகம் என்பது முன்னோர் வழி வந்த பெயர். பிற்காலத்தில் அவரே விரும்பி எடுத்துக்கொண்டது. ஊர்காவற்றுறை அந்தோனியார் பாடசாலையிலும், பின் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்துக் கல்லூரிகள் எப்படி இருந்தன என்பதை எமது பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாடமெல்லாம் ஆங்கிலம். கெட்டிக்காரப் பிள்ளைகள் இலத்தீன் படித்தார்கள். தமிழ் என்பது வீட்டில் பேசுவதற்கும் சந்தையில் பேரம் பேசுவதற்கும் உரியதாக இருந்தது. சங்க இலக்கியம் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் அக்கல்லூரிகளிலிருந்து பலர் வெளியே வந்தார்கள்.

குருவாக வேண்டும் என்ற விருப்பத்தோடு கொழும்பு புனித பெர்னார்து குருமடத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1934இல் உரோமாபுரிக்குச் சென்று ஊர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். 1938இல் குருவானார். கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்பிரியானின் காலத்துக் குருமாரைப் பற்றி ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். இவ்வளவும் தமிழோடு எந்தத் தொடர்பும் இல்லாதவை. ஆனால் அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. பழைய ஏடுகளை எப்படிப் பார்ப்பது, ஒரு மூலத்தை இன்னொரு மூலத்தோடு எப்படி ஒப்பிடுவது, நூலகப் பட்டியலில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எப்படி ஒரு நூலைத் தேடிப் போவது என்ற பயிற்சி அங்கேதான் கிடைத்தது. இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துக்கீசம் போன்ற மொழிகளும் வசமாயின. பின்னாளில் தமிழுக்கு அவர் தேடித் தந்த செல்வத்துக்கெல்லாம் இந்த மொழிகளே திறவுகோல்.

1940இல் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊருக்கு வந்தார். அங்கே புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி. சுற்றிலும் தமிழ் பேசும் ஊர்; தமிழில் பேச வேண்டும், எழுத வேண்டும். அப்போதுதான் தமது தமிழ் எவ்வளவு போதாது என்பதை உணர்ந்தார். உணர்ந்ததோடு நிற்கவில்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றார். உரோமாபுரியில் கலாநிதியான ஒரு கத்தோலிக்கக் குரு, ஓர் ஐயரின் முன்னே சுவடிகொண்டு பாடம் கேட்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். இன்று எமது ஊர்களில் யார் யாருடன் ஒரே மேடையில் ஏறலாம் என்று சண்டை பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஐந்து வருடம் இப்படிப் படித்தபின், 1945இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது வயது முப்பத்திரண்டு. வகுப்பில் மற்றவர்கள் இளைஞர்கள். முதுகலைப் பட்டம் முடித்து, தொடர்ந்து பேராசிரியர் சிதம்பரநாதன் செட்டியாரின் வழிகாட்டலில் சங்க இலக்கியத்தில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்து 1949இல் அடுத்த பட்டமும் பெற்றார். அந்த ஆய்வு வளர்ந்து 1966இல் பம்பாயில் 'லாண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என்ற ஆங்கில நூலாக வெளிவந்தது.

அந்த நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணையை எமது பிள்ளைகள் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். மலை என்றால் குறிஞ்சி, காடு என்றால் முல்லை என்று ஒப்புவித்துவிட்டு மறந்து போகிறார்கள். அடிகளார் செய்தது வேறு. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தியோக்கிரித்தசு, வெர்ஜில் போன்ற புலவர்கள் இயற்கையை எப்படிப் பாடினார்கள் என்பது அவருக்கு முன்பே தெரியும். அதை வைத்துக்கொண்டு சங்கப் பாடலுக்கு வந்தபோது, இங்கே நிலம் வெறும் அலங்காரமாக வரவில்லை என்பதைக் கண்டார். கூடலுக்கு மலை, காத்திருத்தலுக்குக் காடு, ஊடலுக்கு வயல், இரங்கலுக்குக் கடற்கரை, பிரிவுக்கு வறண்ட சுரம் என்று நிலமும் பொழுதும் உள்ளத்து உணர்வோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. உலக இலக்கியத்தில் இதற்கு நிகரான ஒழுங்கு காண்பது அரிது என்பதைப் பிறமொழி அறிஞர்கள் ஏற்கும் வகையில், அவர்கள் அறிந்த புலவர்களை அருகே நிறுத்திக் காட்டினார். எங்கள் மொழிதான் உயர்ந்தது என்று மேடையில் முழங்குவது எளிது. பிறர் ஒப்புக்கொள்ளும்படி சான்று வைப்பது கடினம். கணக்காளன் என்ற முறையில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பற்றுச்சீட்டு இல்லாத செலவை நாங்கள் ஏற்பதில்லை.

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கப்பலேறினார். மலாயா, யப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று நாடு நாடாகச் சென்று தமிழைப் பற்றி ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் விரிவுரை செய்தார். அந்தப் பயணங்களின் அனுபவத்தைப் பின்னாளில் 'ஒன்றே உலகம்' என்ற நூலாக எழுதினார். போன இடமெல்லாம் அவர் கண்ட ஓர் உண்மை அவரைச் சுட்டது. இந்தியா என்றால் சமஸ்கிருதம் என்றே அறிஞர்கள் அறிந்திருந்தார்கள். தமிழ் என்ற மொழிக்கு இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உண்டென்று அவர்களிற் பலருக்குத் தெரியாது. தெரியாதது அவர்கள் குற்றமல்ல, அவர்கள் வாசிக்கும் மொழியில் நாங்கள் சொல்லவில்லை என்பதே அவர் எடுத்த முடிவு. அதன் விளைவாக 1952 பெப்ரவரியில் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழ் பிறந்தது. தமிழ்நாட்டாரும் ஈழத்தாரும் மட்டுமன்றி ஐரோப்பிய அறிஞர்களும் அதில் எழுதினார்கள். ஏன் தமிழ்ப் பற்றாளர் ஆங்கிலத்தில் இதழ் நடத்துகிறார் என்று அன்றே முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த இதழ் இல்லாவிட்டால் பிறகு நடந்தவை நடந்திரா.

அதே 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். எந்தத் துறையில் என்று கேளுங்கள். தமிழ்த் துறையில் அல்ல, கல்வியியல் துறையில். 1961வரை அங்கே ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்குக் கல்வியியல் கற்பித்தார். உலகம் முழுவதும் தமிழுக்குத் தூதராகப் போற்றப்பட்ட ஒருவருக்குத் தாம் பிறந்த நாட்டில் தமிழ்ப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. இதை மனக்குறையாக அவர் எங்கும் காட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கிடைத்த துறையையே தமிழுக்குத் திருப்பிக்கொண்டார். பண்டைத் தமிழர் எப்படிக் கற்பித்தார்கள், பாணரும் புலவரும் மக்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதை ஆராய்ந்தார். இலண்டனில் கல்வியியலில் இரண்டாவது கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

இடையில் 1956 வந்தது. சிங்களம் மட்டும் சட்டம் என்றால் எமது மூத்தோருக்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், சிங்களம் ஒன்றே நாட்டின் அரசகரும மொழி என்று அவ்வாண்டு சட்டமாக்கினார்கள். பல்கலைக்கழகச் சம்பளத்தில் இருந்துகொண்டே அடிகளார் தமது இதழில் மொழியுரிமை பற்றித் துணிந்து எழுதினார். கூச்சல் இல்லாத எழுத்து. பல மொழி பேசும் பிற நாடுகள் என்ன செய்கின்றன என்று எடுத்துக்காட்டி வாதிடும் எழுத்து. கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.

இனி அவரது ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 1954இல் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் நூல்களைத் தேடிப் போனார். போர்த்துக்கேயர் காலத்தில் முத்துக்குளித்துறையிலும் மலையாளக் கரையிலும் பாதிரிமார் தமிழ் கற்று நூல் எழுதினார்கள் என்பது கேள்விப்பட்ட செய்திதான். அந்த நூல்கள் எங்கே? எமது நாட்டில் ஒரு பிரதியும் இல்லை. கறையானும் மழையும் போரும் தின்றுவிட்டன. ஆனால் கப்பலேறிப் போன பிரதிகள் சில அங்கே இருந்தன.

லிஸ்பன் நகரத்து அரும்பொருட் காட்சிச்சாலையில் 1554ஆம் ஆண்டு அச்சிட்ட ஒரு சிறு சமயநூல் இருந்தது. தமிழ்ச் சொற்கள், ஆனால் உரோமன் எழுத்தில். அதனுடன் போர்த்துக்கீசப் பொருள். அதை ஆக்கித் தந்தவர்கள் லிஸ்பனில் இருந்த மூன்று தமிழர்கள். எமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தைக் கொண்டு அம்மம்மாவுக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறார்கள் என்று குறைப்படும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். கிட்டத்தட்ட ஐந்நூறு வருடத்துக்கு முன் அச்சேறிய முதல் தமிழ் அதே முறையில்தான் இருந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் அன்றிக்கே அடிகளின் 'தம்பிரான் வணக்கம்', 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அதன் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதே அன்றிக்கே அடிகளின் 'அடியார் வரலாறு' 1586இல் அச்சானது. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில்.

வத்திக்கானில் இன்னொன்றும் இருந்தது. அந்தாம் தெ புரவென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீச அகராதி. 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சிடப்பட்டது. வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு அரை நூற்றாண்டு முந்தியது. மக்கள் அன்று பேசிய சொற்கள் பல அதில் பதிவாகியுள்ளன. அந்த நூல் அழிந்துவிட்டதென்றே பலர் எண்ணியிருந்தபோது அடிகளார் அதைக் கண்டெடுத்தார். கண்டெடுத்ததும் கட்டுரை எழுதிப் புகழ் சேர்த்துக்கொண்டு விட்டுவிடவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, 1966இல், முழு அகராதியையும் அப்படியே நிழற்படப் பதிப்பாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார். ஒரே ஒரு பிரதி என்ற நிலை அன்றோடு நீங்கியது.

ஒரு நூலின் ஒற்றைப் பிரதி என்றால் என்ன என்பது எம் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு மழையில் நடந்தவர்களில் எமது குடும்பமும் ஒன்று. சான்றிதழ்கள் பொலித்தீன் பையில் வந்தன. வீட்டு அலுமாரியில் இருந்த அப்பாவின் புத்தகங்கள் வரவில்லை. அவற்றில் சில இப்போது எங்குமே அகப்படுவதில்லை.

1961இல் அடிகளாரை மலாயாப் பல்கலைக்கழகம் அழைத்தது. இந்திய ஆய்வியல் துறையின் பேராசிரியர், தலைவர். அந்தத் துறை தமிழுக்கு எப்படிக் கிடைத்தது என்பது ஒரு தனிக் கதை; சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1950களில் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுக்கு ஒரு துறை அமையப் போகிறது என்றபோது, அங்கே எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி எழுந்தது. சமஸ்கிருதத்துக்கு என்று ஒரு சாரார். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஓர் இயக்கமே நடத்தினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் சின்னக் கடைக்காரரும் கொடுத்தார்கள். அந்தப் பணம் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்குப் போயிற்று. நான் பார்த்த எந்த நன்கொடைக் கணக்கையும்விட அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவே எனக்கு ஆசை. பெரிய புள்ளிகளின் காசோலைகள் இல்லாமல், ஒவ்வொரு வரியிலும் ஒரு வெள்ளி!

அந்த ஒரு வெள்ளிக்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே அடிகளாரின் வகுப்புக்கு வந்தார்கள். அவர் அவர்களுக்குத் தமிழ் இலக்கியம் மட்டும் கற்பிக்கவில்லை. ஆராய்ச்சி செய்யக் கற்பித்தார். நீங்கள் பிறந்த நாட்டையே ஆராயுங்கள் என்பதே அவரது வழிகாட்டல் போலும். அந்தத் துறையிலிருந்து வந்தவர்களின் வேலையைப் பார்த்தால் அது தெரியும். இராம சுப்பையா பேராக் மாநிலத்தில் தமிழர் பேசும் வழக்குச் சொற்களை ஆராய்ந்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் 1969இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ இருந்துகொண்டு யாரும் இதைச் செய்திருக்க முடியாது. சிங்காரவேலு தாய்லாந்து, மலாய் இராமகதைகளைத் தமிழோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பின்னாளில் அதே துறையில் பேராசிரியரானார். யாழ்ப்பாணத்தவரான வரலாற்றறிஞர் சி. அரசரத்தினமும் அக்காலத்தில் அங்கே கற்பித்தார். அவர் பிறகு எமக்கு அண்மையில், அவுஸ்திரேலியாவின் ஆமிடேல் நகரத்து நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கி 1998இல் காலமானார்.

தென்கிழக்காசியாவில் தமிழின் சுவடுகளைப் பற்றி அடிகளாரும் நிறைய எழுதினார். எமது வாசகர்களுக்கு உவப்பான ஒன்றைச் சொல்கிறேன். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் இங்கே அதிகாலை எழுந்து கோயிலுக்குப் போகிறோம். தாய்லாந்திலும் அரச சார்பில் மார்கழி-தை மாதத்தில் ஒரு விழா எடுத்தார்கள். அதன் பெயர் திரியம்பாவாய். பாங்கொக் அரண்மனைப் பிராமணர்கள் அதில் ஓதுவது மணிவாசகரின் திருவெம்பாவை. ஓதுபவர்களுக்குப் பொருள் தெரியாது. ஒலியும் சிதைந்து போயிற்று. எழுதி வைத்திருப்பது கிரந்த எழுத்தில். ஆனாலும் ஓதுவதை விடவில்லை. ஒரு மொழி பேச்சிலிருந்து போனபின் எத்தனை நூற்றாண்டுக்கு மந்திரமாக மட்டும் நிற்கும் என்பதற்கு அது சாட்சி. எமது பேரப்பிள்ளைகள் பஞ்சபுராணத்தை ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடுவதைக் காணும்போது எனக்குப் பாங்கொக் ஞாபகம் வருகிறது.

நியூசிலாந்துக்கும் இப்படி ஒரு சுவடு உண்டு. 1836 அளவில் கொலென்சோ என்ற பாதிரியார் வங்காரைப் பக்கம் போனபோது, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிப்பதற்கு ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பயன்படுத்துவதைக் கண்டார். அது பாத்திரமல்ல, உடைந்த கப்பல் மணி. அதன்மேல் தமிழ் எழுத்தில் முகையதீன் வக்குசு என்ற கப்பல் உரிமையாளரின் பெயர் இருக்கிறது. இன்று வெலிங்டன் தெ பாப்பா அரும்பொருட் காட்சிச்சாலையின் சேகரிப்பில் உள்ளது. அது எப்படி இங்கே வந்ததென்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அடிகளாரைப் போன்ற ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க இன்னும் இடமிருக்கிறது.

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேய ஆய்வாளரின் 26ஆவது உலக மாநாடு கூடியது. உலகின் பல நாட்டு அறிஞர்களும் வந்திருந்த வேளையில், அடிகளாரும் பேராசிரியர் வ.ஐ. சுப்பிரமணியமும் தமிழில் அக்கறையுள்ளவர்களைத் தனியே ஓர் அறைக்கு அழைத்தார்கள். அங்கே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பாரிசின் பிலியோசா தலைவர். ஒக்ஸ்போர்டின் பறோ, கலிபோர்னியாவின் எமனோ, ஒல்லாந்தின் கைப்பர் ஆகியோர் துணைத் தலைவர்களில் அடங்குவர். செக் நாட்டுக் கமில் சுவெலபில்லும் அடிகளாரும் செயலாளர்கள். தமிழர் அல்லாதவரைத் தலைவராக்கியது தந்திரமல்ல. தமிழ் உலகத்தின் பொதுச்சொத்து என்பதை அவர் உண்மையாகவே நம்பினார். தாம் செயலாளராக இருந்து கடிதம் எழுதினால் போதும் என்று நினைத்தார். எந்தச் சங்கத்திலும் உண்மையான வேலை செயலாளரிடமும் பொருளாளரிடமும்தான் இருக்கிறது என்பது எமது சங்கத்தாருக்கும் தெரிந்ததே.

முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில். துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். தமிழை ஆட்சிமொழியாகக் கொள்ளாத, தமிழர் சிறுபான்மையாக வாழும் ஒரு நாட்டில் தமிழாராய்ச்சிக்கு முதல் உலக மாநாடு நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. இரண்டாவது 1968 ஜனவரியில் சென்னையில், அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது. ஊர்வலமும் அலங்கார வண்டிகளும் கடற்கரையில் சிலைகளுமாகச் சென்னை திருவிழாக் கோலம் பூண்டது. மக்கள் மகிழ்ந்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் அன்று தொடங்கிய ஆரவாரம் பின்னர் ஆராய்ச்சியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது என்பது என் எண்ணம். மூன்றாவது மாநாடு 1970இல் பாரிசில், ஆரவாரமின்றி, அறிஞர்கள் மட்டும் கூடி நடந்தது. அடிகளாரின் மனத்துக்கு அதுவே நெருக்கமாக இருந்திருக்கும்.

நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில். கொழும்பிலா யாழ்ப்பாணத்திலா என்ற இழுபறிக்குப் பின், பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் எமது மக்கள் தங்கள் கைப்பணத்தாலும் உழைப்பாலும் நடத்திக் காட்டினார்கள். வாழைமரமும் தோரணமுமாக யாழ் நகரம் இருந்த அந்த நாட்களை நேரில் கண்டவர்கள் இன்றும் ஒக்லாந்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் கண் கலங்காமல் சொல்லமாட்டார்கள். ஜனவரி 10ஆம் திகதி வீரசிங்கம் மண்டப முன்றலில் நடந்த பொதுக்கூட்டத்தில் பொலிசார் புகுந்ததும், உயிர்கள் பறிபோனதும் வரலாறு. ஒரு மொழியைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டம் அப்படி முடிந்தது.

அதற்கு முன்பே, 1969இல், அடிகளார் மலாயாப் பதவியிலிருந்து விலகியிருந்தார். ஐரோப்பாவில் சில காலம் விரிவுரை செய்தபின் ஊர் திரும்பினார். 1980 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தில் தந்தை செல்வா நினைவுப் பேருரையை ஆற்றினார். எடுத்துக்கொண்ட பொருள் தமிழாராய்ச்சி இதுவரை செய்தவையும் இனிச் செய்ய வேண்டியவையும். நான்கு மாதம் கழித்து, 1980 செப்ரெம்பர் 1ஆம் திகதி காலமானார். வயது அறுபத்தேழு. ஐந்தாவது மாநாடு 1981 ஜனவரியில் மதுரையில் கூடியபோது அவர் இல்லை.

அதே 1981இல் மே கடைசி நாளும் யூன் முதல் நாளும் சேர்ந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் என்று கணக்கு. சம்பத்திரிசியார் கல்லூரியின் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள், அவரும் ஒரு குருவானவர், நெருப்பைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் துறந்தார். தனிநாயகம் அடிகளார் ஒன்பது மாதம் முந்திப் போய்விட்டார்.

அவர் தொடக்கிய மன்றம் பிறகும் மாநாடுகளை நடத்தியது. மொரீசியசில் 1989இலும், தஞ்சாவூரில் 1995இலும், இருபது வருட இடைவெளிக்குப் பின் மீண்டும் கோலாலம்பூரில் 2015இலும், சிக்காகோவில் 2019இலும் நடந்தன. இடையில் பிரிவினைகளும் பதவிப் போட்டிகளும் வந்தன. அவற்றை இங்கே எழுதி மடலின் பக்கங்களை வீணாக்க விரும்பவில்லை.

தமிழ் படிப்பதற்கு வயது போய்விட்டது என்று சொல்லும் எமது வாலிபர்களுக்கு ஒரு செய்தி மட்டும். ஒடாஹுஹு என்ற இந்த ஒடுங்கிய நிலம், மாவோரி மக்கள் இரு கடல்களுக்கிடையே தோணிகளைத் தரைவழியாக இழுத்துச் சென்ற பாதை. அவர்களுடைய மொழியும் ஒரு காலத்தில் வீட்டோடு அழிந்துவிடும் என்றே பேசப்பட்டது. 1982இல் கொஹங்கா ரெயோ என்ற மழலையர் மொழிக்கூடங்களைத் தொடங்கினார்கள். 1987இல் சட்டத்தில் அரச மொழியானது. குழந்தைகளோடு குழந்தைகளாக, வேலை முடிந்து வந்து இரவு வகுப்பில் தங்கள் மொழியைக் கற்கும் வளர்ந்தவர்களை இன்று எமது அலுவலகங்களிலேயே காண்கிறோம். வடக்கன்குளத்தில் ஐயரிடம் பாடம் கேட்ட குருவானவருக்கு அவர்களைப் பிடித்திருக்கும்.

அடிகளாரின் எழுத்தை வாசிக்க விரும்புவோர் 'தமிழ்த்தூது', 'ஒன்றே உலகம்' இரண்டிலும் தொடங்கலாம், நடை எளிமையானது. தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு 'லாண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அவரது எழுத்துக்கள் பலவும் ஈழத்து 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.